பதினேழாம் பொந்தும் காலி இடம் விட்ட மகஜரும்

விதி இப்படித்தான் சொல்கிறது: கைப்பற்றிய போதைப்பொருளை, கைப்பற்றிய இடத்திலேயே, உள்ளூர்க்காரர் இருவர் முன்னிலையில் எடை போட்டு, கட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். 'இடத்திலேயே' என்ற சொல்லுக்குக் கீழே நான் பயிற்சி முடித்த வருடம் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். நல்ல விதி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் ஒரு நாளாவது வேலை பார்த்தவராக அவர் இருந்திருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

ஏனென்றால் அரக்கு உருக நெருப்பு வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பாதி இடங்களின் வாசலிலேயே இன்னொரு விதி பலகையில் தொங்கும்: தீப்பெட்டி, பீடி, சுருட்டு, ஆணியடித்த செருப்பு உள்ளே வரக் கூடாது. அதுவும் அரசாங்கம் போட்ட விதிதான். ஒரே அரசாங்கம் ஒரு கையால் மெழுகுவத்தியைக் கொடுத்து, மறு கையால் அதை அணைக்கிறது. நடுவில் நிற்பவன் சப்-இன்ஸ்பெக்டர்.

புதிதாக இந்தப் பிரிவில் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். சட்டப் பிரிவுகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து நான் மீண்டு வந்த விதத்தையும் மட்டும் சொல்கிறேன். மீண்டு வந்த விதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. மதுவிலக்குப் பிரிவில் எனக்கு அது இரண்டாவது வருடம். சாராயம்தான் எங்கள் அன்றாட வேலை, கஞ்சா எப்போதாவது. ஒரு நாள் காலை, ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் மாடசாமி என்பவர் கஞ்சா வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. மாடசாமி அங்கே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர். இன்ஸ்பெக்டர், ஏட்டையா, ஒரு கான்ஸ்டபிள், நான் ஆகிய நான்கு பேரும் வேனில் போனோம்.

கேட் வாட்ச்மேன் பெயர் கருப்பையா. எங்களைப் பார்த்ததும் சலாம் வைத்தார். வைத்த கையைக் கீழே இறக்காமல் அப்படியே எங்கள் காலைக் காட்டினார்.

"பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க எசமான். அடியில லாடம் இருக்கு. தரையில உரசுனா நாம எல்லாரும் சாத்தூர்ல போய் விழுவோம்."

இன்ஸ்பெக்டர் தம் பூட்ஸைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரியும், அவ்வளவு பளபளப்பு. ஒரு வாட்ச்மேன் சொல்லி அவர் அதைக் கழற்றுவதாவது? "நீ போய்ப் பாருய்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேனிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தக் கம்பெனிக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஏட்டையாவும் வெறுங்காலோடு உள்ளே போனோம். தீப்பெட்டி, மெழுகுவத்தி, அரக்கு எல்லாவற்றையும் கருப்பையா வாங்கி வேனுக்கே திருப்பி அனுப்பினார். உள்ளே நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. கேட்டை அடுத்து, அவருடைய கொட்டகையில் சுவரோரம் ஒரு மரப்பெட்டி இருந்தது. தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். அதை அவர்கள் பொந்துப் பெட்டி என்பார்கள். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் பீடியையும் தீப்பெட்டியையும் அங்கே ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சாயந்திரம் சங்கு ஊதியதும் வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு பொந்து, பொந்துக்கு ஒரு எண். மாடசாமிக்குப் பதினேழு.

பதினேழாம் பொந்தில் ஒரு பீடிக்கட்டு இருந்தது. அதன் நடுவில், என் கட்டைவிரல் தடிமனில், காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தேன். கஞ்சாதான்.

மாடசாமியைக் கூப்பிட்டுக் கேட்டோம். நாற்பது வயது இருக்கும். மறுக்கவில்லை. "எனக்குத்தான்யா. ராத்திரி கை வலி தாங்காம ஒரு இழுப்பு" என்றார். விரல்களை நீட்டிக் காட்டினார். குழாய் உருட்டி உருட்டி அவை வளைந்தபடியே நின்றுவிட்டிருந்தன.

கைப்பற்றிய விவரத்தை எழுதும் மகஜரை அங்கேயே எழுதினேன். எங்கள் நிலையத்தில் அதற்கு ஓர் அச்சுப் படிவம் உண்டு. 'சம்பவ இடத்திலேயே எடையிட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது' என்ற வாக்கியம் அதில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். எடைக்கு மட்டும் புள்ளி வைத்த காலி இடம். பட்டாசுக் கம்பெனிகளில் நெருப்பு மூட்ட முடியாதாகையால், எடையும் முத்திரையும் நிலையத்துக்குத் திரும்பி வந்த பிறகு போட்டுக்கொள்வது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நானும் பொட்டலம் கிடைத்த இடத்தைத் தெளிவாக 'கேட் கொட்டகை, மரப்பெட்டி, பதினேழாம் பொந்து' என்று எழுதி, எடையைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். கருப்பையாவும் கம்பெனிக் கணக்குப்பிள்ளையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே சாலைக்கு வந்து நெருப்பு மூட்டி முத்திரை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கம் என்று ஒன்று இருந்தால் மூளைக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது.

பொட்டலத்தை என் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் மேசையில், மகஜரோடு சேர்த்து வைத்தேன். சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது மேசையில் அரக்கு முத்திரையோடு ஒரு பார்சல் இருந்தது. சிறு தலையணை அளவு.

"ஏட்டையா, நான் கொண்டாந்தது சட்டைப் பைக்குள்ள இருந்துச்சு. இது என்னது?"

ஏட்டையா பார்சலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "வார வழியில வளந்துருச்சுங்கய்யா. ஆமத்தூர் மண்ணு அப்படி."

"கிண்டல் பண்ணாதீக."

"கிண்டல் இல்லைங்கய்யா. பளைய கேஸுல அழிக்காம கெடந்த மூட்டை ஒண்ணு பின்னால இருந்துச்சுல்ல, இப்ப இல்ல. நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கோங்க."

மகஜரை எடுத்துப் பார்த்தேன். நான் காலியாக விட்ட இடத்தில் எடை அழகாக நிரப்பப்பட்டிருந்தது. கீழே என் கையெழுத்து. ஒரு பீடிக்கட்டுக்குள் இருந்த கஞ்சா, என் கையெழுத்தின் பலத்தில், ஒரு வியாபாரியின் சரக்காகிவிட்டது. வைத்திருந்து புகைக்கிறவனுக்கு அபராதமோ எச்சரிக்கையோ, வியாபாரிக்குச் சிறை. அந்த மாதம் மேலிடத்திலிருந்து 'புகைப்பவர்களைப் பிடித்துப் பயனில்லை, வியாபாரிகளைப் பிடியுங்கள்' என்று ஓர் உத்தரவு வந்திருந்தது. எங்கள் இன்ஸ்பெக்டருக்கு வியாபாரி கிடைக்கவில்லை, தயாரித்துக்கொண்டார்.

அவரிடம் போய்க் கேட்டேன்.

"அவன் கஞ்சா வச்சிருந்தானா இல்லையாய்யா?" என்றார்.

"வச்சிருந்தான் சார்."

"அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்ல?"

"ஒத்துக்கிட்டான் சார்."

"அப்புறம் என்ன? நான் எடையைத்தான் மாத்துனேன். ஆளை மாத்தலையே."

நீங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிப்பீர்கள். நான் சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் தொல்லை. குற்றவாளி குற்றவாளிதான். அவன் செய்த குற்றம் வேறு, நாம் எழுதும் குற்றம் வேறு என்பது மட்டுமே வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் எடை என்று ஒரு காலி இடத்தை அச்சடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று. அன்றே மேலதிகாரிக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எனக்கும் வேலை வேண்டும். எனக்கும் குடும்பம் இருந்தது.

மாடசாமி ஜாமீனில் வீட்டுக்குப் போன பிறகு, அவர் மனைவி பேச்சி நிலையத்துக்கு வந்தார். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து நீலம் பாரித்திருந்தது. அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"அவரு செஞ்சது தப்புதான்யா. அதுக்கு நானே வீட்டுல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன். அம்புட்டுச் சரக்கு வாங்க எங்களுக்கு வசதி இருந்தா, அந்த மனுசன் ஏன்யா குளாய் உருட்டப் போறாரு? செயிலுக்குப் போய் வந்தவரை எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள விடுவாக?"

"கோர்ட்டுல சொல்லுங்கம்மா" என்றேன். கோழைத்தனமான பதில்.

"நாங்க சொன்னா யாரு கேப்பா? பாத்தது நீங்க. நீங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விசாரணை நாளில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரசுத் தரப்பில் வழக்கை நடத்தியவர் அவசரத்தில் இருந்தார். மகஜரை என்னிடம் காட்டினார். என் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்தது வழக்கமான கேள்வி. கேட்கும்போதே அவர் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பார்சல் சம்பவ இடத்திலேயே உங்கள் முன்னிலையில் முத்திரை வைக்கப்பட்டதுதானே?"

"இல்லை."

கட்டைப் பிரித்த கை நின்றது. மாஜிஸ்டிரேட் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வைக்கப்பட்டதாக எழுதியிருக்கிறதே? கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே?"

"இருக்கிறது ஐயா. அந்த வாக்கியம் அச்சிலேயே வருவது. நான் கையெழுத்திட்டபோது எடை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. காலி இடம் விட்ட தாளில் கையெழுத்திட்டது என் தவறு. முத்திரை வைக்க நெருப்பு வேண்டும். அங்கே நான் நெருப்பு மூட்டியிருந்தால் இந்தப் பார்சலும் வந்திருக்காது, குற்றம் சாட்டப்பட்டவரும் வந்திருக்க மாட்டார், நானும் வந்திருக்க மாட்டேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். அரசுத் தரப்புக்காரர் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் இது அங்கே எடுத்த கஞ்சா இல்லை என்கிறீரா? குழாய் உருட்டுகிறவர் உமக்கு என்ன உறவு?" என்றார்.

"உறவு இல்லை. நான் எடுத்தது பீடிக்கட்டுக்குள் இருந்த ஒரு பொட்டலம். எடுத்த இடம் மகஜரில் இருக்கிறது: பதினேழாம் பொந்து. அதை நான் அங்கேயே எழுதினேன், யாரும் மாற்றவில்லை. கோர்ட் அந்தப் பெட்டியை வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன்."

இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் இருந்தார். அவர் முகத்தில் பயம் தெரியவில்லை, குழப்பம்தான் தெரிந்தது. பொந்து என்றால் என்ன அளவு என்று அவருக்குத் தெரியாது. எடையை நிரப்பும்போது பீரோ மாதிரி ஏதோ ஒன்றை நினைத்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் வாய்தா. கருப்பையா பொந்துப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குள் வந்தார். இறக்கி வைத்துவிட்டு, கூண்டுக்குப் போகாமல் மாஜிஸ்டிரேட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எசமான், கொஞ்சம் வெரசா முடிச்சு விடுங்க. பொட்டியை இங்கன தூக்கிட்டு வந்துட்டதால கம்பெனி ஆளுக அம்புட்டுப் பேரு பீடியும் என் மடியில இருக்கு. சங்கு ஊதும்போது நான் அங்கன இல்லேன்னா என்னைய உரிச்சுப்புடுவாக."

"இதில் பதினேழாம் பொந்து எது?"

கருப்பையா காட்டினார். மாஜிஸ்டிரேட், கோர்ட் சேவகரான டவாலியிடம் பார்சலைக் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். டவாலி நேராக வைத்துப் பார்த்தார், போகவில்லை. பக்கவாட்டில் வைத்தார், போகவில்லை. முழங்காலை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினார். பெட்டிதான் நகர்ந்தது.

"பொந்தெல்லாம் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான் எசமான். தீப்பெட்டி ஒண்ணு, பீடிக்கட்டு ஒண்ணு. அதுக்கு மேல மூக்குப்பொடி டப்பி வச்சாக்கூட வெளிய தள்ளிரும். மொதலாளிக்கும் அதே பொந்துதான்."

மாஜிஸ்டிரேட் எழுந்து வந்து தாமே ஒரு முறை முயன்று பார்த்தார். பிறகு மாடசாமியைக் கேட்டார்.

"கஞ்சா வச்சிருந்தது நெசம் எசமான்" என்றார் மாடசாமி. "ஒரு பொட்டலம். இந்த மூட்டை என்னுது இல்ல. இம்புட்டையும் நான் இழுத்திருந்தா, வெடி இல்லாமலே வானத்துக்குப் போயிருப்பேன்."

கோர்ட்டில் அமைதி காக்கும்படி மாஜிஸ்டிரேட் சொன்னார். சொன்னவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு சுருக்கமானது. பார்சல் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளினார். ஒப்புக்கொண்ட பொட்டலத்துக்காக மாடசாமியை எச்சரித்து விடுதலை செய்தார். என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதினார்: வெற்றுத் தாளில் கையெழுத்திடும் அதிகாரி, திறந்த வீட்டுக்குக் காவல் நிற்பவர். நான் அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் செய்துகொள்ளலாம்.

வாசலில் பேச்சி நின்றிருந்தார். புருஷனைப் பார்த்ததும், "கை வலின்னா எண்ணெய் போட்டுத் தேய்க்கணும். ஏலே, கேக்குதா?" என்றார். மாடசாமி தலையை ஆட்டினார். இத்தனை நாள் பயத்தில் பேச்சிக்குப் புருஷன் மேல் இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது போலும். அடுத்த திங்கட்கிழமை மாடசாமி கேட்டில் பீடியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார் என்று கருப்பையா சொல்லியனுப்பினார்.

தீர்ப்பு வந்த அன்றே, கோர்ட் வாசலில் நான் பேச்சியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நெருப்பே இல்லாம ஒரு கட்டை மூடணும். யாராவது பிரிச்சா தெரிஞ்சிரணும். முடியுமாம்மா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்காகவா இம்புட்டு நாளா மெளுகுவத்தியைத் தூக்கிட்டு அலையுதீக? மைதாப் பசையில மயில்துத்தம் போட்டுக் காய்ச்சணும். மெல்லிசுத் தாளை அதுல ஒட்டிக் காய விட்டா, கிளிக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது. எலியும் தொடாது, பூச்சியும் தொடாது."

அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் என் பையில் ஒரு சின்ன டப்பாவில் பசை இருந்தது. துணியில் கட்டி, முடிச்சைத் தைத்து, முடிச்சின் மேல் சாட்சிகள் கையெழுத்திட்ட மெல்லிய தாளைக் குறுக்காக ஒட்டுவேன். எடையை அங்கேயே எழுதுவேன். ஏட்டையா என்னைப் 'பசை ஐயா' என்றார், வருத்தமில்லை. சாத்தூர்ச் சாலையில் ஒரு பட்டாசு லோடு லாரியில், பெட்டிகளுக்கு அடியில் நிஜமான வியாபாரி ஒருவருடைய கஞ்சா மூட்டை கிடைத்தது. லாரியின் மேல் நின்றே பசை போட்டேன். வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், தாளைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கலாமே என்றார். நான் அதே பசையால் ஒட்டிக் கொண்டுபோயிருந்த ஒரு மாதிரியை மாஜிஸ்டிரேட் அவரிடமே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். நகத்தால், பேனாக்கத்தியால், தண்ணீர் தொட்டு, எல்லா விதமாகவும் வக்கீல் முயன்று பார்த்தார். நார் நாராக வந்தது. அந்த வியாபாரி உள்ளே போனார். மேலிடம் கேட்ட வியாபாரி அவர்தான்; தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் என் மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருந்தது. சம்பவ இடத்தில் முத்திரை வைக்கத் தவறியது, காலி மகஜரில் கையெழுத்திட்டது, அரசுத் தரப்புக்குப் பாதகமாகச் சாட்சி சொன்னது என்று மூன்று. இரண்டாவதை ஒப்புக்கொண்டேன். மூன்றாவதற்கு, சத்தியப்பிரமாணத்தில் 'அரசுத் தரப்புக்குச் சாதகமாக' என்ற சொற்கள் இல்லை என்று எழுதினேன். முதலாவதற்குப் பதில் எழுதாமல் ஒரு கேள்வி எழுதினேன்: நெருப்பு விலக்கப்பட்ட இடத்தில் அரக்கு வைக்கும்போது இரண்டு விதிகளில் எதை மீற வேண்டும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். கூடவே பசை முறையையும் விவரித்து, ஆணையாக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கேள்வி மேலே போயிற்று. போன வேகத்தில் என் வருடாந்தர சம்பள உயர்வும் நின்றது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. 'எந்தப் பசை?' என்று ஒரு கடிதம் வந்தது. 'பசையின் செய்முறையை மூன்று நகல்களில் அனுப்பவும்' என்று ஒன்று. பேச்சி சொல்லச் சொல்ல எழுதி மூன்று நகல்களும் அனுப்பினேன். துத்தம் எத்தனை சிட்டிகை என்று கேட்டு அதுவும் திரும்பி வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் அன்றே பதில் போட்டேன். கோப்பைத் தூங்க விடாமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு கலை. அதை யாரும் வகுப்பில் சொல்லித்தருவதில்லை.

கடைசியில் பதில் வந்தது. மூன்று குற்றச்சாட்டில் இரண்டு கைவிடப்பட்டன. ஒப்புக்கொண்டதற்குக் கண்டிப்பு மட்டும். நின்ற சம்பள உயர்வு நின்ற நாளிலிருந்தே திரும்பக் கிடைத்தது. அதோடு பின்னிணைப்பாக ஒரு சுற்றறிக்கை: நெருப்பு விலக்கப்பட்ட இடங்களில் துணியில் கட்டித் தைத்து, சாட்சிகளின் கையெழுத்திட்ட தாளைப் பசையால் ஒட்ட வேண்டும், எடை எழுதப்படாத மகஜரில் எந்த அலுவலரும் கையெழுத்திடக் கூடாது, முன் அச்சிட்ட படிவங்கள் உடனே அழிக்கப்பட வேண்டும். என் கடிதத்தின் வாக்கியங்கள், ஒரு சொல் மாறாமல். படித்ததற்கு அடையாளமாக ஒப்பமிட வேண்டியவர்களின் பட்டியலில் முதல் பெயர் அந்த இன்ஸ்பெக்டருடையது. என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒப்பமிட்டார்; தேதியைக் காலியாக விடப் பார்த்தார். 'தேதியும் போடுங்கள் சார்' என்றேன்.

போட்டார். அறுபத்திரண்டாம் வருடம், ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.